கால்கரி நாய்க்கு ஒரு திருஷ்டிப் பொட்டு

கனடாவுக்குக் கிளம்புகிறோம் என்று தெரிந்ததும் ஊரில் ஆளாளுக்கு ஒன்று கேட்டார்கள். என் ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் முனுசாமி மட்டும் சாமான் எதுவும் கேட்கவில்லை. "பொண்ணு வூட்டுக்குப் போறீங்க, சந்தோஷம். வரும்போது ஒரு கரடி போட்டோ எடுத்துகினு வாங்கண்ணே. இங்க கொரங்கையே பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப்போச்சு" என்றார். கரடி என்ன, காட்டையே சுருட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலையில், செங்கம் சாலையில், இருபத்தேழு வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறேன். ஆசிரமத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விசா நீட்டிப்புக்கான படம் என்னிடம்தான். அவர்களோடு பேசிப் பேசி வந்ததுதான் என் இங்கிலீஷ். மற்றபடி என் பிழைப்பு குழந்தைகள். முதல் பிறந்தநாள், காதுகுத்து என்று எங்கள் பக்கத்தில் என் மர நாற்காலியில் உட்கார்ந்து அழாத குழந்தை கம்மி. ஒரு முகத்துக்கு ஒரே ஒரு கிளிக். இரண்டாவது கிளிக் போடுகிறவனை போட்டோகிராபர் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. டிஜிட்டல் கேமரா அப்போதுதான் கடைகளில் எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தது. நான் அதைத் தொடவில்லை.

விமான நிலையத்தில் கதிர் பட்டால் பிலிம் கெட்டுவிடும், ரோல்களை எக்ஸ்ரே பெட்டிக்குள் விடமாட்டேன் என்று நின்றுவிட்டேன். பின்னால் வரிசை நீண்டது. என் மனைவி சரோஜா, "எல்லாரும் பார்க்கிறாங்க, வுடுங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. கடைசியில் அந்த அதிகாரி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, மூக்கில் வைத்து முகர்ந்து பார்த்து, கையாலேயே சோதித்துத் திருப்பிக் கொடுத்தார். அதற்குக் கீழே சரோஜா கட்டி வைத்திருந்த வெங்காய வடகத்தை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

என் மகள் வசந்தி கால்கரியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். மாப்பிள்ளை சேகருக்குக் கம்ப்யூட்டர் வேலை. முதல் நாள் காலை ஐந்தரை மணிக்கே வெயில் கண்ணைக் கூச, ஜன்னலைத் திறந்தால் புல்தரையில் நம் பூனையைப் போல் இரண்டு மடங்கு இருக்கும் ஒரு முயல். யாரும் அதைத் துரத்தவில்லை. அதுவும் யாரையும் பார்த்து ஓடவில்லை. பல் விளக்காமலேயே கேமராவை எடுத்தேன். "அப்பா, அது தெனமும் வரும். மொதல்ல காபி குடிங்க" என்றாள் வசந்தி. அவளுக்கு அது முயல். எனக்கு முதல் காட்டு விலங்கு.

இரண்டாம் நாள் ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் என்றால் வெறுங்கால், வேட்டி, நெற்றியில் திருநீறு. அவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு, இத்தனை பேர் ஷூ மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மதியம் நடுவில் ஓட்டை போட்ட வடையைக் கொடுத்தார்கள். கடித்தால் சர்க்கரை. சரோஜா ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு போட மறந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் ஆற்றங்கரைப் பூங்காவுக்குத் தனியாக பஸ்ஸில் போகிறேன் என்று வீம்பு பிடித்துக் கிளம்பினேன். பஸ் வந்தது. ஆண்பிள்ளைக்குப் பின்வாசல் என்று ஊர்ப் பழக்கத்தில் பின்னால் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்டக்டருக்காகக் கையில் சில்லறையோடு காத்திருந்தேன். எத்தனையோ நிறுத்தம் போயும் கண்டக்டர் வரவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின் டிரைவரிடம் போய், "எனக்கு யாரும் டிக்கெட் கொடுக்கவில்லை" என்று புகார் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "இந்த வேலையில் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. ஓசியில் வந்துவிட்டுத் தானாக வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்" என்று சொல்லி, திரும்பிப் போகும் வழியில் பூங்கா வாசலிலேயே இறக்கிவிட்டார். திருவண்ணாமலைக்காரன் எப்படிப்பட்டவன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அந்தப் பூங்காவில்தான் எனக்கு யோகம் அடித்தது. நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிராணி, சாம்பல் நிறம், புதரிலிருந்து வெளியே வந்து என்னை நேருக்கு நேர் பார்த்தது. ஒரே கிளிக். கழுவி வந்த படத்தில் அதன் கண்ணில் வெயில் தெரிந்தது. "கொயோட்டி" என்றார் மாப்பிள்ளை. "மாமா, இத இவ்ளோ கிட்டத்துல யாரும் எடுத்து நான் பார்த்ததில்ல." வசந்தி அதை பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினாள். தண்ணீர் குடிக்கும் சாக்கில் நான் அந்தப் பக்கம் போய்ப் போய் வந்தேன்.

கரடி விஷயம் அவ்வளவு நன்றாக அமையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மலைப் பக்கம் பான்ஃப் போனோம். மாடு அளவுக்கு, கிளைக்கொம்பு வைத்த மான்கள் ரோட்டில் நின்று காரை மறித்தன. எங்கள் தேரடித் தெரு மாடுகளே தேவலை, ஹாரன் அடித்தால் வாலையாவது ஆட்டும். தூரத்துச் சரிவில் கரடி என்றார்கள். எடுத்தேன். படத்தில் அது சட்டையில் தெறித்த மை மாதிரி இருந்தது. முனுசாமியிடம் இதைக் காட்டினால் ஆயுசுக்கும் கேலி செய்வார் என்று பெட்டிக்கடியில் வைத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஹெலனுக்கு எழுபது வயதிருக்கும். கணவர் இறந்து இரண்டு வருடம். அவர் வளர்த்த வெள்ளை நாய் மிஸ்டிதான் இப்போது அந்த அம்மாவுக்குத் துணை. சின்ன நாய், பஞ்சு மாதிரி முடி, கறுத்த மூக்கு. நாங்கள் வந்த மறுநாளே ஹெலன் ஒரு இனிப்புப் பண்டம் சுட்டுக் கொண்டுவந்தார். புளிச்சக்கீரைத் தண்டில் சர்க்கரை போட்டது மாதிரி ஒரு ருசி. சரோஜா பதிலுக்கு இட்லியும் மிளகாய்ப்பொடியும் கொடுத்தாள். ஹெலன் கண்ணில் தண்ணீர் வரவர விடாமல் தின்றார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதிகள். அவருக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. பேச்சு மட்டும் ஜாஸ்தி.

ஹெலனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வியாழக்கிழமை ஒரு கண்ணில் ஆபரேஷன், அதன்பின் அக்கா வீட்டில் தங்கி ஞாயிற்றுக்கிழமை திரும்புவதாக ஏற்பாடு. அதுவரை மிஸ்டியைப் பார்த்துக்கொள்வதாக வசந்தி சொல்லியிருந்தாள். முந்தின நாள் நாயைக் கொண்டுவந்து விட்டபோது ஹெலன் என்னிடம் சொன்னார்: "எனக்கு இவள் இப்போது ஒரு வெள்ளைப் புகை மாதிரிதான் தெரிகிறாள். முகம் தெளிவாகப் பார்த்து இரண்டு வருடமாகிறது. திரும்பி வந்ததும் இவளை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகப் பார்க்கவேண்டும்."

அப்படிச் சொன்னவருக்கு ஒரு நல்ல படம் எடுத்துத் தருவது என் கடமை இல்லையா? தோட்டத்தில் நாற்காலி போட்டு, பின்னால் நீலப் போர்வை கட்டி, மிஸ்டியை முதல் பிறந்தநாள் குழந்தை மாதிரி உட்கார வைத்தேன். நான் புல்லில் படுத்துக்கொண்டேன். குழந்தையானாலும் நாயானாலும் அதன் கண் உயரத்துக்குப் போகவேண்டும். அதற்குள் சரோஜா, "ஒரு நிமிஷம் இருங்க. இம்மாம் அழகா இருக்குது, கண்ணு பட்டுடும்" என்று உள்ளே ஓடி, கண்மையை விரலில் எடுத்துவந்து மிஸ்டியின் இடது கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். என் ஸ்டுடியோவில் பொட்டில்லாத குழந்தையை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஹெலன் சிரித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பொட்டும் தெரியவில்லை, எதற்குச் சிரிக்கிறோம் என்றும் தெரியவில்லை. சாவிக் கொத்தை ஆட்டினேன், மிஸ்டி காதைத் தூக்கியது. ஒரே கிளிக். சாயங்காலம் சரோஜா வெந்நீரில் துணி நனைத்து அதன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

படம் மறுநாள் கழுவி வந்தது. நானே சொல்லக்கூடாது, ஆனால் அந்த மாதிரி ஒரு படம் நான் எடுத்ததில்லை. ஒவ்வொரு முடியும் தனித்தனியாக நின்றது. கொயோட்டிக்குப் பக்கத்தில் அதையும் மாட்டினோம்.

வெள்ளிக்கிழமை காலை வசந்தியும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். பின்பக்கச் சந்தில் ஒரு மான் நிற்பதைப் பார்த்தேன். கழுதைக்கு இருப்பது மாதிரி பெரிய காது. எங்கள் மலையடிவாரத்தில் புள்ளிமானைப் பார்க்க விடிகாலையில் போய் மூச்சுவிடாமல் நிற்கவேண்டும். இங்கே குப்பைத்தொட்டி பக்கத்தில் நிற்கிறது. கேமராவோடு பின்கேட்டைத் திறந்து பூனை மாதிரி நடந்தேன். மான் மூன்று வீடு தள்ளிப் போனது, நானும் போனேன். திரும்பி வரும்போது கேட் திறந்தபடியே கிடந்தது. தோட்டத்தில் மிஸ்டி இல்லை.

எங்கள் ஊரில் கேட்டைச் சாத்தும் வழக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குத்தான். நாய் தெருவுக்குப் போகும், சோற்றுக்கு வரும். அந்த நினைப்பில்தான் இருந்துவிட்டேன். மத்தியானம் வரை நானும் சரோஜாவும் தெருத்தெருவாகக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தோம். மிஸ்டி என்ற பெயர் சரோஜாவின் வாயில் "மிச்சிடி" ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கப் போனேன். பிரிட்ஜில் கொயோட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பூங்கா இங்கிருந்து எவ்வளவு தூரம்? சின்ன நாய்களை அது தூக்கிப் போய்விடும் என்று மாப்பிள்ளை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. படத்தைக் கழற்றித் திருப்பி வைத்தேன்.

விஷயம் கேட்டு வசந்தி அழுதேவிட்டாள். "ஹெலன் அம்மாக்கு நான் இன்னான்னு பதில் சொல்லுவேன்? அவங்க வீட்டுக்காரர் வச்சிட்டுப் போனது அது ஒண்ணுதான்பா!" மாப்பிள்ளை மிஸ்டியின் படத்தை ஆபீசுக்கு எடுத்துப்போய்ப் பெரிதாக்கி, 'காணவில்லை' என்று மேலே போட்டு, போன் நம்பரோடு நாற்பது பிரதி எடுத்து வந்தார். நாங்கள் நாலு பேரும் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டினோம். மிருகக் காப்பகத்துக்கும் போன் செய்தோம், அங்கே அப்படி ஒரு நாய் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நிலையிலும், கம்பத்தில் என் படம் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் வரை ஒரு போன்கூட வரவில்லை. ஆற்றுப் பக்கத்துத் தெருவில் ஒரு கம்பத்தடியில் நின்று நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஓட்டப் பயிற்சி செய்துகொண்டு வந்த ஒரு ஆள் நின்றார். "நேற்று மாலை இங்கே ஒரு சின்ன வெள்ளை நாய் ஓடியதைப் பார்த்தேன்" என்றார். சரோஜாவுக்கு அவர் சொன்னது முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது, கையைக் கூப்பினாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "ஆனால் அது உங்களுடையது இல்லை. அதற்கு முகத்தில் இந்தக் கறுப்புப் புள்ளி கிடையாது."

எந்தக் கறுப்புப் புள்ளி என்று கேட்டேன். அவர் விரலால் தொட்டுக் காட்டினார். இடது கன்னத்தில், அச்சில் இன்னும் பெரிதாகி, ஒரு ரூபாய் அகலத்துக்கு இருந்தது.

இரண்டு நாளாக அந்தப் படத்தைப் பார்க்கிறேன். மாப்பிள்ளை பார்த்தார், வசந்தி பார்த்தாள், நாற்பது கம்பத்தில் நாலு பேரும் ஒட்டினோம். எங்கள் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. இருபத்தேழு வருடமாகக் குழந்தைகளின் கன்னத்தில் பார்த்து வந்த பொட்டு எனக்கு முகத்தோடு சேர்த்தியே இல்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு அது நாயின் அடையாளம். ஊர் முழுக்கப் புள்ளி வைத்த நாயைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

"நான்தாங்க வச்சேன். எல்லாம் என்னாலதான்" என்று சரோஜா கம்பத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீ வச்சதை எடுத்தவன் நான். எழுந்திரு" என்றேன்.

மாப்பிள்ளையின் ஆபீஸ் அன்று பூட்டியிருந்தது. வீட்டு பிரிண்டரில் மை இல்லை. "திங்கக்கெழமை வேற போட்டுக்கலாம் மாமா" என்றார். ஹெலன் வருவது ஞாயிற்றுக்கிழமை. நான் பெட்டியைத் திறந்தேன். ஊருக்குப் போனாலும் துக்கத்துக்குப் போனாலும் படத்தில் குறையை மறைக்கும் என் டச்சப் பிரஷ் கூடவே வரும். வசந்தியின் மேஜையில் எழுத்தை அழிக்கும் வெள்ளை மை இருந்தது. ஒரு பென்சில். அவ்வளவுதான் சாமான்.

ஊரில் வரன் பார்க்கும் வீடுகளுக்கு அனுப்பும் பெண்களின் படங்களில் எத்தனை அம்மைத் தழும்பை இந்தக் கை ஆற்றியிருக்கிறது! வெள்ளை மையை அப்பினால் வெறும் கறையாகத் தெரியும். அதனால் முதலில் மெலிதாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, அதன்மேல் பென்சிலைச் சீவி முடி முடியாகக் கோடு. ஒரு கம்பத்துக்கு ஐந்து நிமிடம். சரோஜா காகிதத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், மை காய வாயால் ஊதினாள். அந்த ஊரில் ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கும். அது எங்களுக்கு வசதியாயிற்று. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் காரை நிறுத்தி, "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். "திருத்துகிறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன். முப்பத்து மூன்றாவது கம்பத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது. நாற்பதையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

செருப்பைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. ஆற்றுப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூட டீச்சர். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து அவர் சமையலறையில் ஒரு வெள்ளை நாய் இருக்கிறது. நோட்டீசை இரண்டு தடவை பார்த்தும், புள்ளி இல்லையே என்று விட்டுவிட்டிருக்கிறார். இன்று மாலை ஒரு பெரியவரும் புடவை கட்டிய அம்மாவும் கம்பத்தில் ஏதோ எழுதுவதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, போனபின் வந்து பார்த்திருக்கிறார். நாங்கள் போய் நின்றதும் மிஸ்டி சரோஜாவின் புடவைக்குள் புகுந்துகொண்டது. டீச்சர் என் பக்கம் திரும்பி, "புள்ளி இருந்த இடத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை" என்றார். எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு மாதிரி எனக்கு நெஞ்சு நிறைந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஹெலன் வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். வசந்தி மிஸ்டியை மடியில் வைத்தாள். ஹெலன் அதன் முகத்தை உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தார். மூக்கைத் தொட்டார், காதைத் தொட்டார். பிறகு அவர் முகம் மாறிவிட்டது.

"இது என்ன? இது எப்போது வந்தது?" என்றார். "கட்டி இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறதே. என் கண் தெரியாமல் இத்தனை நாள் கவனிக்காமலே விட்டுவிட்டேனா?"

நான் சரோஜாவைப் பார்த்தேன். "கண்ணு பட்டுத்தானே காணாமப் போச்சு. அதான் காலைலயே வச்சிட்டேன்" என்றாள் மெதுவாக.

ஹெலனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் ஆன கண்ணிலும். சரோஜா ஓடிப்போய் முந்தானையால் பொட்டைத் துடைத்துக் காட்டினாள். அது மை என்று தெரிந்ததும் ஹெலன் மூச்சு விட்டார். அத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், வசந்தியும் கண்ணாலேயே அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்த அம்மா அழுததைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை. மான், கேட், நாற்பது கம்பம், டீச்சர் வீடு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, உங்கள் நாயைத் தொலைத்தவன் நான் என்றேன்.

ஹெலன் மிஸ்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். அவர் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்று மத்தியானம் சரோஜா வைத்த வடகக் குழம்பை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் ஹெலன், காலடியில் மிஸ்டி. "டாக்டர் ஒரு வாரத்துக்குக் குனியக்கூடாது, இழுக்கக்கூடாது என்கிறார். காலையில் இவளை நடக்கக் கூட்டிப்போக ஆள் வேண்டும்" என்றார். வசந்தி கையை நீட்டினாள். ஹெலன் அவளைத் தாண்டிக் கயிற்றை என்னிடம் கொடுத்தார்.

"கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள்" என்றார்.

சாத்தினேன். கொக்கியைப் போட்டு ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். கேமராவை நான் எடுத்துக்கொள்ளவில்லை. கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.